உறை பிரிக்காத கேபிள்: வீட்டு சர்வருக்கு யூபிஎஸ் வாங்கும்போது செய்யும் தவறுகள்

தக்கலையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்று சர்வராக இரவும் பகலும் ஓடுகிறது. குடும்பப் புகைப்படங்கள், அப்பாவின் ரப்பர் ஷீட் கணக்கு எல்லாம் அதில்தான். ஓர் ஐப்பசி மழையில் ரப்பர் மரக்கிளை மின்கம்பியில் சாய்ந்தது. வீட்டில் ஆள் இல்லை. யூபிஎஸ் வெகுநேரம் கூவிக்கொண்டே இருந்ததாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அது அடங்கியதும் சர்வரும் அப்படியே விழுந்தது. கணக்கு டேட்டாபேஸ் பிறகு திறக்கவேயில்லை. மின்சாரம் போனதைச் சர்வருக்குச் சொல்ல வேண்டிய யூஎஸ்பி கேபிள், யூபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியில் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டு வாங்கியதுதான் என் முதல் தவறு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதற்கெல்லாம் எந்தச் சின்ன யூபிஎஸ்ஸும் ஈடுகொடுக்காது. அதன் வேலை, சர்வரை முறையாக அணைக்க அவகாசம் தருவது. யூஎஸ்பி போர்ட் இல்லாத மலிவு மாடலை வாங்கினால், மின்சாரம் போன செய்தி சர்வருக்குத் தெரியவே தெரியாது. யூபிஎஸ் தரும் செய்தியைக் கேட்டு சர்வரை அணைப்பது ‘நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ்’ என்ற மென்பொருள்; வாங்குமுன் அதன் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவியபின் ‘யூபிஎஸ்சி’ என்ற கட்டளை (தேர்வாணையம் அல்ல) பேட்டரியில் மிச்சமுள்ள சதவீதத்தைக் காட்டும்.

பெட்டியில் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்க ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 360 வாட்ஸ் என்றிருந்தால், யூபிஎஸ் தாங்கும் சுமைக்கு அதுதான் உங்கள் அளவு. உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் பெருக்கிவர 84 வாட் மணி. 50 வாட்ஸ் இழுக்கும் சர்வர் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்று நம்பிவிடாதீர்கள். வேகமாக இறக்கினால் லெட் ஆசிட் பேட்டரி முழுக் கொள்ளளவையும் தராது. பாதியைக் கணக்கில் வைப்பது நல்லது. காற்றோட்டமில்லாத அலமாரியில் வைத்தால் சூடேறி அதன் ஆயுளும் குறையும்.

“இன்வெர்ட்டர் இருக்கிறதே” என்பார்கள். மின்விசிறிக்குச் சரி. சாதாரண முறையில் அது மாறிக்கொள்ள எடுக்கும் இடைவெளியிலேயே கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடக்கூடும். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் முறைக்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. பெரும்பாலும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அப்படி மாற்றினாலும், சர்வரை அணைக்கச் சொல்லும் கேபிள் அநேக இன்வெர்ட்டர்களில் இல்லை.

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். ரூட்டரைச் செருக மறக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியபின் சோதித்துப் பார்க்காமல் விடுவதும் தவறுதான். பிளக்கைப் பிடுங்காமல் சுவர் சுவிட்சை அணையுங்கள். எர்த் இணைப்பு அறுபடாது. எங்கள் சர்வர் முதல் சோதனையில் அழகாக அணைந்தது. மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தால் எழுந்திருக்கவில்லை. மின்சாரம் வந்ததும் தானே இயங்கும்படி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) மாற்ற மறந்திருந்தேன்.