இன்டி ரொக் கேட்கச் சொல்வதில் நாம் செய்யும் தவறுகள்: செய்தவன் சொல்கிறேன்

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ் கந்தளாயைத் தாண்டியிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த நண்பனிடம் கைப்பேசியை நீட்டி, "மச்சான், இதைக் கேள். இப்படியொன்றை நீ கேட்டிருக்கவே மாட்டாய்" என்றேன். மை பிளடி வலன்டைன் என்ற இன்டி ரொக் குழு 1991இல் வெளியிட்ட 'லவ்லெஸ்' அல்பம் அது. இயர்போனை வீட்டில் மறந்துவிட்டேன். ஆனாலும் ஆசை விடவில்லை, கைப்பேசியின் ஒலிபெருக்கியிலேயே போட்டுவிட்டேன். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, முன்னால் சாரதி போட்ட பைலா ஓடிக்கொண்டிருந்தது. அரை நிமிடம் பொறுமையாகக் கேட்டவன், கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தண்ணீரில் விழுந்துவிட்டதா?"

அவன் மேல் ஒரு பிழையும் இல்லை. அந்த அல்பத்தில் கிற்றாரை மீட்டும்போதே அதிலுள்ள சிறு தண்டை அசைத்து அசைத்துச் சுருதியை வளைக்கிறார்கள். பாடுகிற குரலை வேண்டுமென்றே கிற்றார் ஒலிகளுக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறார்கள். அமைதியான அறையில், நல்ல இயர்போனில் கேட்டால் ஒரு பெரிய அலை நம்மை மூடிவிட்டுப் போவது போல் இருக்கும். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியிலோ கீழ்ச் சுருதிகளெல்லாம் உதிர்ந்து, மேலே இருக்கும் இரைச்சல் மட்டுமே மிஞ்சும். எனக்கே அந்த அல்பம் பிடிபட மாதக்கணக்கானது. அதைப் புதியவர் ஒருவருக்கு முதல் பாட்டாகப் போட்டது ஒரு தவறு. ஓடுகிற பஸ்ஸில் போட்டது அதைவிடப் பெரிய தவறு. நாம் எங்கே போய்ச் சேர்ந்தோமோ அங்கேயே மற்றவரையும் தூக்கிக்கொண்டுபோய் இறக்கிவிட நினைக்கிறோம். வந்த வழி நமக்கு மறந்துபோகிறது.

அடுத்த தவறு விரிவுரை. மடத்தடிச் சந்தியில் ஒரு தேநீர்க் கடையில், "இன்டி என்றால் என்ன அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டதற்கு நான் பேசிய பேச்சில் அவன் முன்னால் இருந்த தேநீர் ஆறிப்போனது. சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். 'இன்டிபென்டன்ட்' என்பதன் சுருக்கமே இன்டி. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் கையை எதிர்பாராமல் வெளியிடப்பட்ட இசை என்பதுதான் முதல் பொருள். மான்செஸ்டரின் பஸ்கொக்ஸ் குழு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது பலருக்குத் துணிச்சல் கொடுத்தது. 1986இல் பிரித்தானிய இசை வார இதழொன்று 22 குழுக்களின் பாடல்களைச் சேர்த்து ஒரு கசெற் வெளியிட்டது. அதிலிருந்த குழுக்கள் பலவற்றின் கிணுகிணுக்கும் கிற்றார் ஓசைக்கே இன்டி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வியாபார முறையைக் குறித்த சொல் ஓசையைக் குறிக்கத் தொடங்கிய கதை இது. நிர்வானா குழு முதல் அல்பத்தை 1989இல் சியாற்றலின் சிறு நிறுவனமொன்றின் மூலமும், அடுத்ததை 1991இல் பெரிய நிறுவனத்தின் மூலமும் வெளியிட்டது. அப்படியானால் அது இன்டியா இல்லையா என்று சண்டை பிடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தேநீர் குடிக்க வந்தவனுக்கு அந்தச் சண்டை தேவையில்லை.

நீண்ட பட்டியல் அனுப்புவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த தவறுதான். சித்தியின் மகளுக்கு ஒருமுறை அறுபது பாடல்கள் அனுப்பினேன். "பிறகு கேட்கிறேன் அண்ணா" என்றாள். அந்தப் 'பிறகு' இன்றுவரை வரவில்லை. இப்போது ஒரே ஒரு பாட்டுத்தான் அனுப்புகிறேன். கூடவே, எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுகிறேன். நேரமே இல்லை என்று எப்போதும் முறையிடும் ஆசிரிய நண்பர் ஒருவருக்கு, கைடட் பை வொய்சஸ் குழுவின் 1994ஆம் ஆண்டு அல்பத்தைச் சொன்னேன். 20 பாடல்கள், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 36 நிமிடங்கள். வீட்டில் வைத்து, நான்கு தடக் கசெற் பதிவுக் கருவி போன்ற எளிய சாதனங்களில் பதிவு செய்தது. பாடல்களை எழுதிப் பாடிய ரொபர்ட் பொலார்ட் அமெரிக்காவின் டேட்டன் நகரில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். கடைசித் தகவல்தான் நண்பரைப் பிடித்தது. "கொப்பி திருத்திவிட்டுப் பாட்டும் எழுதினாரா?" என்று கேட்டுவிட்டு, அன்றிரவே முழுவதையும் கேட்டுவிட்டார்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு ஒன்று இருக்கிறது. "இந்தச் சினிமாப் பாட்டுகளையெல்லாம் விட்டுவிட்டு நல்லதாக எதையாவது கேள்" என்று தொடங்குவது. இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒருவர் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பாட்டை இகழ்ந்துவிட்டு, அதே காதை நம்மிடம் கடன் கேட்கிறோம்! உண்மையில் அந்தக் காதுதான் நமக்குத் துணை. இளையராஜாவின் பாட்டில் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிற்றார் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடப்பதைக் கேட்டுப் பழகியவருக்கு ஜோய் டிவிஷன் அந்நியமாகவே இருக்காது. அந்தக் குழுவில் பீற்றர் ஹூக் பேஸின் மேல் ஸ்தாயியிலேயே மெட்டை வாசிக்கிறார். கிற்றாரைவிட அவருடைய பேஸ்தான் பாட்டை இழுத்துக்கொண்டு போகிறது. "பேஸை மட்டும் கவனியுங்கள்" என்று சொன்னால் போதும்.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் என் மாமா. பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவில் மேளச்சமா, அதாவது நாதஸ்வர தவில் கச்சேரி, என்றால் இரவு எத்தனை மணியானாலும் எழுந்து வரமாட்டார். அவருக்கு என் இசை பிடிக்காது என்று நானே முடிவு கட்டியிருந்தேன், அதுவும் ஒரு தவறுதான். ஒருநாள் உப்புவெளியில் அவர் வீட்டு விறாந்தையில் இருந்தபோது, "அப்படி என்னதான் கேட்கிறாய்?" என்று அவரே ஒரு பக்க இயர்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஃபீலிஸ் குழுவின் 1980ஆம் ஆண்டு முதல் அல்பம். அமெரிக்காவின் நியூ ஜேர்சிக்காரர்கள், வெளியிட்டதோ இங்கிலாந்தின் ஒரு சிறு நிறுவனம். முதல் பாடல் ஏறக்குறைய நிசப்தத்தில் தொடங்கும். மரக்கட்டையைத் தட்டுவது போன்ற ஓசை எங்கோ தூரத்தில் எழுந்து, மெல்ல மெல்ல நெருங்கி வரும்.

மாமாவின் விரல் தொடையில் தாளம் போடத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். கிற்றார்கள் வந்தன, விரல் நிற்கவில்லை. பிறகு பாட்டுக்காரர் வாயைத் திறந்தார். மாமா கண்ணைத் திறந்தார்.

"தாளம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது. இவனை யார் நடுவில் பாடச் சொன்னது?"

நியாயமான விமர்சனம். பயிற்சி பெற்ற குரல் வேண்டும் என்பது இந்த இசையின் நிபந்தனையில்லை. கர்நாடக இசை கேட்ட காதுக்கு அது முதலில் உறுத்தும். "கேட்கக் கேட்கப் பழகிவிடும்" என்று வாதாடாமல், அவர் விரும்பியதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வாரங்களில் தாள வாத்தியம் முன்னால் நிற்கிற பாடல்களாகவே தேடிக் கொடுத்தேன்.

தேடுவதிலும் தவறுகள் இருக்கின்றன. கைப்பேசிச் செயலி எடுத்துக் கொடுப்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது முதலாவது. அது நாம் நேற்றுக் கேட்டதற்குச் சொந்தக்காரனை அழைத்து வரும், அடுத்த நாள் அந்தச் சொந்தக்காரனின் தம்பியை. பிடித்த அல்பத்தை யார் வெளியிட்டார்கள் என்று பார்ப்பது எனக்கு அதைவிட நல்ல வழியாக இருந்திருக்கிறது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் 1981இல் இசைத்தட்டுக் கடை ஊழியர் ஒருவர் தொடங்கிய ஃபிளையிங் நன் நிறுவனத்தின் பெயரைப் பின்தொடர்ந்துதான் த கிளீன், த சில்ஸ் குழுக்களுக்கு வந்து சேர்ந்தேன். இரண்டும் தெற்கே டனீடின் என்ற துறைமுக ஊரில் உருவானவை. தலைநகரத்துக்கு எட்டத்தில் இருக்கும் கடலோர ஊரொன்றிலிருந்து வந்து, நான்கு தடக் கருவி ஒன்றை வைத்துப் பதிவு செய்தவர்கள் என்று அறிந்தபோது, டச் பே கடற்கரையில் மாலையில் கிற்றாரோடு உட்கார்ந்திருக்கும் நம் பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். இசைக்குழுக்கள் தம் பாடல்களை நேரடியாக விற்கும், 2008இல் தொடங்கிய பேண்ட்காம்ப் இணையத்தளத்தில் இன்னொரு வசதி உண்டு. ஒரு அல்பத்தை விலைகொடுத்து வாங்கியவர்கள் வேறு என்னென்ன வாங்கினார்கள் என்று அவர்களின் பக்கங்களில் பார்க்கலாம். காசு கொடுத்தவனின் ரசனையை நம்பலாம் என்பது என் அனுபவம்.

ஒரு குழு புகழ் பெற்றவுடன் "இனி இது நமக்கில்லை" என்று கைவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஆர்கேட் ஃபயர் குழு 2011இல் ஆண்டின் சிறந்த அல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது, அமெரிக்காவில் அதை வெளியிட்டது அப்போதும் ஒரு சிறு நிறுவனம்தான். விருது வாங்கிய மறுநாள் பாட்டின் ஒரு ஸ்வரமும் மாறவில்லை.

கடைசியாக, "கேட்டுவிட்டாயா?" என்று தினமும் நச்சரிப்பது. சொன்ன பாட்டு கடன்போல் ஆகிவிடும். நம்மைக் கண்டாலே ஆட்கள் வேறு ஒழுங்கையால் போவார்கள். இந்த விஷயத்தில் மாமா என்னைவிடப் பெருந்தன்மையானவர். போன மாதம் பழைய தவில் கச்சேரிப் பதிவு ஒன்றை எனக்கு அனுப்பினார். தனியாவர்த்தனம் மட்டும் நாற்பது நிமிடம். கேட்டாயா என்று இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பதினெட்டாவது நிமிடத்தில் நிற்கிறேன்.