மினி லாரியில் சைக்கிள் ஏற்றும்போது

டாடா ஏஸ் மாதிரி வண்டியில் தொட்டி ஏறக்குறைய ஏழடி நீளம். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் ஏறக்குறைய ஆறடிதான் என்பதால் சக்கரத்தைக் கழற்றாமல் நிறுத்தியே ஏற்றலாம். படுக்கவைத்து அடுக்க வேண்டாம். மேலே கிடப்பதன் பெடல் கீழுள்ளதன் ஸ்போக்கில் புகுந்துவிடும்; முதல் வேகத்தடையிலேயே கம்பி வளையும்.

முன்சக்கரம் கேபின் பக்கத் தடுப்பில் முட்டி நிற்கட்டும். அடுத்த சைக்கிளைத் தலைமாற்றி வையுங்கள், ஹேண்டில்பார்கள் மோதாது. கியர் சைக்கிளானால் செயினைப் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால், செயினை நகர்த்தும் டீரெய்லர் உள்ளே ஒதுங்கிக்கொள்ளும்.

கட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நைலான் கயிறு இழுபடும், நனைந்தால் இன்னும் மோசம். 25 மி.மீ. ராட்செட் பெல்ட் (கைப்பிடியை அசைத்து இறுக்கும் பட்டை) நல்லது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் மேல்பகுதியிலிருந்து இருபக்கக் கொக்கிகளுக்கும் இரண்டு, சீட் கம்பத்திலிருந்து இரண்டு, எல்லாம் சாய்வாகக் கீழ்நோக்கி. ஸ்போக்கிலோ பிரேக் கேபிளிலோ பெல்ட் படக்கூடாது. அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் மெல்லிய அலுமினியக் குழாய் நசுங்கும்.

முன்பிரேக் லீவரைப் பழைய டியூப் துண்டால் பிடியோடு சேர்த்துக் கட்டினால் சக்கரம் உருளாது. ஃபிரேம் உரசும் இடங்களிலும் அதே டியூபைச் சுற்றலாம். முன்சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் லீவரைத் தொடாதீர்கள், டிஸ்க்கைப் பிடிக்கும் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். இடையில் மடித்த அட்டையைச் செருகுங்கள்.

பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி பெல்ட்டை மறுபடி இறுக்குங்கள். பம்பு, விளக்கு, தண்ணீர் பாட்டிலெல்லாம் கேபினுக்குள்.