காயில் சுற்றுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

வேப் கருவிக்குத் (மின்-சிகரெட்) தாமே காயில், அதாவது திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள், சுற்றிக்கொள்பவர்களில் பலர் மோடின் (பேட்டரி இருக்கும் உடற்பகுதி) மீது அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைத்தான் எல்லையாகக் கொள்கிறார்கள். உண்மையான எல்லை, உள்ளிருக்கும் பேட்டரி தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரத் தாங்கும் என்பதே. அந்த மதிப்பைத் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் பாருங்கள். உறையின் மேல் பெரிதாகத் தெரியும் எண் சில நொடிகளுக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கலாம் என்பதால் அதை நம்ப வேண்டாம். (இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இக்கருவிகளின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றைத் தடைசெய்துள்ளது. பிரிட்டன் போல அனுமதியுள்ள நாடுகளில் ஏற்கெனவே இவற்றைப் பயன்படுத்தும் வயதுவந்தோருக்காகவே இதை எழுதுகிறேன்.)

மின்சுற்றுப் பாதுகாப்பு எதுவும் இல்லாத மெக்கானிக்கல் மோடில் கணக்கு நேரடியானது. முழுதாக மின்னேற்றிய ஒரு லித்தியம் அயனி பேட்டரி 4.2 வோல்ட் தரும். அதைக் காயிலின் மின்தடையால் வகுத்தால் பாயும் மின்னோட்டம் கிடைக்கும். 26 கேஜ் (சுமார் 0.4 மி.மீ. தடிமன்) கான்தால் கம்பியை, அதாவது இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவைக் கம்பியை, 3 மி.மீ. தண்டில் ஆறு சுற்றுச் சுற்றினால், கால்களையும் (சுருளின் இரு முனைக் கம்பிகள்) சேர்த்து ஏறத்தாழ 0.8 ஓம் வரும். அப்படி இரண்டை இணையாகப் பொருத்தினால் 0.4 ஓம், மின்னோட்டம் 10.5 ஆம்பியர், ஆற்றல் சுமார் 44 வாட். 20 ஆம்பியர் பேட்டரிக்கு இது நிம்மதியான அளவு. அதே சுற்றுகளை நிக்ரோமில் (நிக்கல்-குரோமியக் கலவைக் கம்பி) போட்டால் தடை 0.3 ஓம் அளவுக்கு இறங்கி, மின்னோட்டம் 14 ஆம்பியராக ஏறிவிடும். இரண்டு பேட்டரிகளைத் தொடராக அடுக்கும் மோடிலோ, முன்பு பாதுகாப்பாக இருந்த அதே 0.4 ஓம் காயில் 8.4 வோல்ட்டில் 21 ஆம்பியரை இழுத்து எல்லையைத் தாண்டிவிடுகிறது. தொடக்கநிலையில் உள்ளவர்கள் இத்தகைய மோடைத் தொடாமலிருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஆற்றலைக் கட்டுப்படுத்தும் சிப் உள்ள மோடில்தான் பலர் குழம்புகிறார்கள். அங்கே பேட்டரியின் சுமையை நிர்ணயிப்பது காயிலின் தடை அன்று, நீங்கள் வைக்கும் வாட் அளவு. சிப் அந்த வாட்டைக் குறையாமல் தர முயல்வதால், பேட்டரி வடிய வடிய அதிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் கூடிக்கொண்டே போகும். ஆகவே கருவி அணையும் கீழ் மின்னழுத்தத்தை வைத்தே கணக்கிட வேண்டும்: 60 வாட்டை 3.2 வோல்ட்டால் வகுத்து, சிப்பின் செயல்திறன் 90 சதவீதம் எனக் கொண்டு மீண்டும் 0.9 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 21 ஆம்பியர். ஒற்றைப் பேட்டரி மோடில் 75 வாட் என்று எழுதியிருந்தாலும், 20 ஆம்பியர் பேட்டரியோடு 55 வாட்டுக்குள் நிற்பதே முறை. இரண்டு பேட்டரி இருந்தால் வாட்டைப் பாதியாக்கி அதே கணக்கைப் போடலாம்.

தடை மிகவும் கூடினாலும் சிக்கல் உண்டு: 6 வோல்ட்டுக்கு மேல் தர இயலாத சிப், 1.5 ஓம் காயிலுக்கு 24 வாட்டுக்கு மேல் கொடுக்காது.

சுற்றி முடித்ததும் காயிலைப் பேட்டரி உள்ள மோடில் பொருத்தும் முன், தனி ஓம் மீட்டரில் அளந்து பாருங்கள். எண் ஆடினால் திருகுகளை இறுக்குங்கள்; எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்தால், காயிலின் கால் உலோக உடலைத் தொடுகிறதா என்று பாருங்கள். பேட்டரியின் உறை ஓர் இடத்தில் கிழிந்திருந்தாலும், புதிய உறை இடும்வரை அதை மோடுக்குள் போடக் கூடாது.