தோட்டா ரீலோடிங்குக்கு டேட்டா எங்க எடுக்கிறது?

வெள்ளவத்தையில இருந்துகொண்டு இதென்ன கதை எண்டு கேக்காதீங்கோ, இங்க லைசென்ஸ் இல்லாம ஒரு தோட்டாவே வச்சிருக்கேலாது, இது கனடாவில சுடுற ரேஞ்சுக்குப் போற மச்சானுக்காக தேடினது. ரீலோடிங் எண்டா சுட்ட தோட்டாவின்ட வெறுங் கேஸில (கூட்டில) திரும்ப பவுடர் (வெடிமருந்து), புல்லட் எல்லாம் போட்டு நிரப்பிறது, டேட்டா எண்டா எந்த புல்லட்டுக்கு எந்த பவுடர் எவ்வளவு எண்ட கணக்கு. முதல்ல பவுடர் செய்யிற கொம்பனியின்ட டேட்டாவைப் பாருங்கோ, ஹாட்ஜ்டன் தன்ட வெப்சைட்டில சும்மாவே போட்டிருக்கு, பிறகு ஹோர்னடியோ லைமனோ போடுற ரீலோடிங் புத்தகம் ஒண்டு வாங்கி ரெண்டையும் பக்கத்தில வச்சு ஒப்பிடுங்கோ. நம்பர் கொஞ்சம் வித்தியாசப்படும், அவங்க டெஸ்ட் பண்ணின துவக்குக் குழல், கேஸ், பிரைமர் (பவுடரைப் பத்த வைக்கிற சின்னத் துண்டு) எல்லாம் வேற வேற, ஆனா தொடங்கிறது எப்பவும் அதில குடுத்திருக்கிற குறைஞ்ச பவுடர் அளவில இருந்துதான்.

பவுடர் பேரை எழுத்தெழுத்தா பாருங்கோ. எச் 4350ம் ஐஎம்ஆர் 4350ம் ஒண்டில்ல, நம்பர் ஒண்டுதானே எண்டு மாத்திப் போட்டா பிரஷர் எகிறலாம். மச்சான் ஒருக்கா வாட்ஸ்அப்பில ஆரோ அனுப்பின ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டினான், புல்லட் எடை கிடக்கு, பவுடர் பேர் பாதியில வெட்டுப்பட்டுக் கிடக்கு, உடன அழிடா எண்டன்.

அளவெல்லாம் கிரெய்ன்ல, கிராம் இல்ல, 1 கிராம் கிட்டத்தட்ட 15.43 கிரெய்ன், தராசு எதில நிக்குது எண்டு பாத்துக்கொள்ளுங்கோ. பழைய புத்தகமெண்டா புது எடிஷனோட சரிபாருங்கோ.