டிராக்டர்ல, லோடு வண்டில புது சுவிட்ச் வெக்கிறதுக்கு முன்னாடி டிரைவரை சீட்ல உக்கார வைங்க

சம்பா அறுப்பு நெருங்கிட்டா தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வயரிங் கடையில எல்லாம் வண்டி வரிசை கட்டி நிக்கும். ஃபோகஸ் லைட்டு, பாட்டு செட்டு, ரிவர்ஸ் ஹாரன்னு ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க, கடைக்காரரும் டேஷ்போர்டுல எங்க எடம் காலியா இருக்கோ, எங்க ஓட்டை போட ஈஸியோ அங்க ஒரு சுவிட்ச மாட்டி அனுப்பிடுவாரு. வயரிங் சுத்தமா இருக்கும், ராத்திரி ஓட்டுறவர் தான் தடவிக்கிட்டு இருப்பாரு.

அதனால ட்ரில்லர அப்பறம் எடுங்க. வண்டிய தெனமும் யார் ஓட்டுறாரோ அவரை உக்கார வைங்க, ஓனர் இல்ல, டிரைவர். கிளட்ச முழுசா மிதிச்சுக்கிட்டு, முதுக சீட்ட விட்டு எடுக்காம கைய நீட்டச் சொல்லி, எட்டுற எடம் வரைக்கும் சாக்பீஸால ஒரு கோடு போடுங்க, ஓட்டும்போது தொட வேண்டிய சுவிட்ச் எல்லாம் அந்தக் கோட்டுக்கு உள்ள தான் இருக்கணும். மாத்தி மாத்தி ரெண்டு பேர் ஓட்டுற வண்டின்னா கை எட்டுறதுக்கு குள்ளமானவர் அளவு, முட்டி இடிக்காம இருக்குறதுக்கு உயரமானவர் அளவு. சராசரி உயரம் பாத்து வெச்சீங்கன்னா ரெண்டு பேருக்குமே சரியா வராது.

அடுத்தது கண்ணு. அமெரிக்காவுல ரோடு பாதுகாப்பு பாக்குற என்எச்டிஎஸ்ஏ 2013ல ஒரு வழிகாட்டி போட்டாங்க, ரோட்ட விட்டு கண்ண எடுத்தா ஒரு தடவைக்கு 2 செகண்டு, ஒரு வேலை முடியுறதுக்கு மொத்தமா 12 செகண்டு, அதுக்கு மேல போகக்கூடாதுன்னு. 60 கிலோமீட்டர் வேகத்துல 2 செகண்டுன்னா 33 மீட்டர் ஓடிரும். குடமுருட்டி கரை ரோட்டுல அவ்வளவு வேகமெல்லாம் போக முடியாது தான், ஆனா 20ல போனாலும் 11 மீட்டர், தடுப்புச் சுவர் இல்லாத வளைவுல அது போதும் ஆத்துக்குள்ள எறங்க.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். இன்ஜின ஆஃப் பண்ணிட்டு டிரைவரை கண்ண மூடச் சொல்லுங்க, நீங்க "ஃபோகஸ்", "வைப்பர்", "பின் லைட்டு"ன்னு சொல்லச் சொல்ல அவரு கை நேரா அங்க போவணும். கை அலைஞ்சுதுன்னா எடம் தப்பு, இல்லனா பக்கத்துல இருக்குறதும் அதே மாதிரி இருக்கு. ரெண்டாம் உலகப் போர்ல பி-17 விமானத்துல இதே கதை தான், சக்கரத்துக்கும் ஃபிளாப்புக்கும் (றெக்கையில இருக்குற மடிப்புப் பலகை) ஒரே மாதிரி சுவிட்ச், பக்கம் பக்கமா இருந்துச்சு, எறங்கினதும் ஃபிளாப்ப தூக்குறதுக்கு பதிலா பைலட்டுங்க சக்கரத்த மடக்கிட்டாங்க. அல்ஃபோன்ஸ் சபானிஸ்னு ஒரு மனோதத்துவக்காரர் சக்கர லீவர்ல ஒரு குட்டி ரப்பர் சக்கரத்தையும் ஃபிளாப்ல ஆப்பு மாதிரி ஒரு கட்டையையும் மாட்டச் சொன்னாரு, தொட்டாலே தெரிஞ்சிரும். நீங்களும் ஒண்ணு உருண்டை, ஒண்ணு நீட்டம்னு வாங்கிப் போடுங்க, வெல வித்தியாசம் பெருசா இருக்காது.

கலர்ல விளையாடாதீங்க. டிராக்டர் லீவருக்கு உலக அளவுல ஒரு முறை இருக்கு, இன்ஜின் நிறுத்துறது சிவப்பு, ஹேண்ட் ஆக்சிலேட்டர் மாதிரி வண்டி ஓட்டம் சம்பந்தப்பட்டது ஆரஞ்சு, பிடிஓ (பின்னாடி மாட்டுற கருவிய இன்ஜின் சக்தியில சுத்த வெக்கிற தண்டு) மஞ்சள், மத்ததெல்லாம் கருப்பு. பாட்டு செட்டுக்கு அழகா இருக்குன்னு செவப்பு மூடி போட்டா, ரோட்டவேட்டர்ல எதாச்சும் மாட்டிக்கிட்டு பதட்டத்துல ஓடி வர்றவரு அதத் தான் அமுக்குவாரு. விளக்குலயும் அப்படித் தான், உடனே நிறுத்தணும்னா சிவப்பு, கவனிக்கணும்னா மஞ்சள், நீலத்த ஹை பீமுக்கு விட்டுருங்க. இப்ப வர்ற நீல எல்இடி சுவிட்ச் கடையில பாக்க ஜோரா இருக்கும், மார்கழிப் பனில அது கண்ணாடில பட்டு மூஞ்சிலயே அடிக்கும்.

டச் ஸ்கிரீன் கேக்குறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க. வயல்ல எறங்கி ஏறுன கை, வெரல் இடுக்குல சேறு, நகத்துல வைக்கத் தூசி, அந்தக் கைய வெச்சு ஸ்கிரீன்ல தேச்சா ஒண்ணு வேலை செய்யாது, இல்லனா வேற எதையோ தொறக்கும். ஜான் எஸ் மெக்கெயின் கப்பல் 2017ல மோதுனதுக்கு அப்பறம் அமெரிக்க கடற்படையே டச்ச விட்டுட்டு கையால தள்ளுற லீவருக்குத் திரும்புறோம்னு 2019ல சொல்லிட்டாங்க. பாட்டுக்கு வேணா டச் வெச்சுக்கோங்க, லைட்டுக்கு வேணாம்.

சுவிட்சுக்குப் பேர் எழுதுறீங்கன்னா, கண்ணுக்கும் டேஷ்போர்டுக்கும் 70 சென்டிமீட்டர் தூரம் இருந்தா எழுத்து 4 மில்லிமீட்டர் உயரமாவது வேணும். பஸ்ஸர் ஆயில் பிரஷருக்கும் இன்ஜின் சூட்டுக்கும் மட்டும் போதும், எல்லாத்துக்கும் கத்துனா ஒரு வாரத்துல டிரைவரே வயர வெட்டி விட்டுருவாரு, அறுப்பு மெஷின் சத்தத்துல அது கேக்காதுங்கறதால கூடவே ஒரு சிவப்பு விளக்கும் குடுங்க.

போன் ஸ்டாண்ட கண்ணாடி நடுவுல ஒட்டாதீங்க, எடது ஓரம் மறையும், அங்க தான் சைக்கிளும் ரோட்டுல நெல்லு காயப்போட்டவங்களும் இருப்பாங்க. ஸ்டேரிங்குக்கு எடது பக்கம், கண்ணாடி விளிம்புக்குக் கீழ வைங்க. நம்ம தார் ரோட்டுக் குழில பசை ஸ்டாண்டு நிக்காது, ஸ்குரு போட்டுருங்க.