குடித்துவிட்டு ஓட்டியவர் உங்கள் காரில் மோதினால் என்ன செய்வது?

நசுங்கிய கதவு நாளைக்கும் அப்படியே இருக்கும். குடித்தவரின் போதை அப்படி இருக்காது. ரத்தத்தில் உள்ள மது சுமாராக மணிக்கு 15 மில்லிகிராம் வீதம் குறைந்துகொண்டே போகும், சட்டம் வைத்திருக்கும் வரம்போ 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். மோதும்போது 60 இருந்தவர் ஏதாவது காரணம் சொல்லி இரண்டு மூன்று மணி நேரத்தைக் கடத்திவிட்டால், அதன்பிறகு ஊதச் சொன்னாலும் மெஷின் அவரை நல்லவராகக் காட்டிவிடும். அதனால் இந்த விபத்தில் மட்டும் முதல் இரண்டு மணி நேரம் ரொம்ப முக்கியம்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 108. அப்புறம் 100 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள். "ஆக்சிடென்ட் ஆகிவிட்டது" என்று மட்டும் சொல்லாமல், "ஓட்டியவர் குடித்திருக்கிறார், ஊதிப் பார்க்கும் மெஷினோடு வாருங்கள்" என்று அந்த முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க முன்வருபவர்கள் போலீஸ் தொல்லைக்குப் பயந்து தயங்கினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவர்களைப் பாதுகாக்கிறது, பெயர் சொல்லக்கூடக் கட்டாயமில்லை என்று தைரியம் சொல்லுங்கள்.

போலீஸ் வருவதற்குள் போனில் வீடியோ எடுங்கள், உங்களால் முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரை எடுக்கச் சொல்லுங்கள். நம்பர் பிளேட், வண்டிகள் நின்ற நிலை, உள்ளே கிடக்கும் பாட்டில், அவர் நடப்பது, பேசுவது எல்லாம் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஓட்டுநர் இருக்கையில் இருந்தது யார் என்பது. ஏனென்றால் ஆளை மாற்றுவது நடக்கும். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு ஐடி ஊழியர்கள் இறந்தார்களே, அந்த வழக்கில் பழியைக் குடும்ப டிரைவர் மேல் போட முயன்றதாகவும், ஆஸ்பத்திரியில் ரத்த மாதிரியையே மாற்றியதாகவும் குற்றச்சாட்டு வந்து இரண்டு டாக்டர்கள் கைதானார்கள். கூட்டம் சேர்ந்து அவரை அடிக்கவும் விடாதீர்கள். அடித்தால் பதிலுக்கு உங்கள் மேலும் ஒரு கேஸ் வரும், அவர் உடம்பில் உள்ள காயத்துக்கும் தள்ளாட்டத்துக்கும் வேறு காரணம் சொல்ல வழி பிறந்துவிடும்.

போலீஸ் வந்ததும் பரிசோதனையை வாய்விட்டுக் கேளுங்கள். விபத்தில் சிக்கிய வண்டியை ஓட்டியவரை ஊதச் சொல்ல அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 203ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது, அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் அங்கேயே செய்யலாம். ஊத மாட்டேன், ரத்தம் தர மாட்டேன் என்று அவர் மறுத்தால் அந்த மறுப்பையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள 205ஆம் பிரிவு இருக்கிறது, எனவே அவர் மறுத்தார் என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கேஷுவாலிட்டியில் டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். போலீஸ் கேஸ் எதற்கு என்று நினைத்து "தவறி விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கையில் எடுக்கும் முதல் காகிதம் அதுதான். எந்த இடம், எத்தனை மணி, எந்த நம்பர் வண்டி, எந்தப் பக்கமிருந்து வந்து மோதியது என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். உங்களுக்கு நினைவில்லாவிட்டால் கூட வந்தவர் சொல்லட்டும். செலவைப் பற்றிப் பதற வேண்டாம், தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும், காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கும் இடமுண்டு.

இனி புகார். இங்கேதான் யாராவது ஒருவர், சில சமயம் ஸ்டேஷனிலேயே, அக்கறையாகச் சொல்வதுபோல் சொல்வார்: "குடிச்சிருந்தார்னு எழுதாதீங்க, அப்புறம் உங்களுக்கு இன்சூரன்ஸ் பணம் வராது." இதை நம்பவே நம்பாதீர்கள். பணம் வராமல் போவது குடித்தவரின் சொந்தக் காருக்கான ரிப்பேர் செலவுக்குத்தான். அடிபட்ட நீங்கள் மூன்றாம் நபர். உங்களுக்கான இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும், கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று கேரள உயர்நீதிமன்றம் 2023இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே புகாரில் சாராய வாடை வந்தது, நிற்க முடியாமல் தள்ளாடினார், பரிசோதனை கேட்டேன் என்று எழுதி, புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்காமல் எஃப்.ஐ.ஆர். நகலையும் கேட்டு வாங்குங்கள், அது இலவசம். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு, சென்னை போன்ற ஊர்களில் கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

"பேசி முடிச்சுக்கலாம், ஆஸ்பத்திரி செலவைப் பாத்துக்கறோம்" என்று அவர் வீட்டார் வருவார்கள். பாவமாகத்தான் இருக்கும், சிலர் அழுவார்கள். முதல் வாரத்தில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். இன்று வெறும் கழுத்து வலியாக இருப்பது ஒரு மாதம் கழித்து என்னவாகும் என்று டாக்டருக்கே தெரியாது.

கார் விஷயம் சுலபம். உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்கள், பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து ரிப்போர்ட் எழுதும்வரை ஒர்க்‌ஷாப்பில் கை வைக்க விடாதீர்கள்.

காயத்துக்கான இழப்பீட்டுக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது, அதற்குள் போட்டுவிடுங்கள். 2022 விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அனுப்பினார்களா என்று விசாரித்துக்கொண்டே இருங்கள். மருந்துக் கடை பில், ஆட்டோ செலவு, லீவு போட்டதால் போன சம்பளத்துக்குச் சான்று எல்லாம் ஒரே ஃபைலில். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து வெற்று வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கும் ஏஜென்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேச பார் கவுன்சில் விதியே இடம் தரவில்லை. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100க்குப் போன் செய்தால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.

கிரிமினல் கேஸ் தனியாக ஓடும். குடித்து ஓட்டியதற்கு 185ஆம் பிரிவில் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. அவர் அபராதம் கட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள், காயப்படுத்தியதற்கான வழக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் தனியே இருக்கும். அதில் நீங்கள்தான் முக்கிய சாட்சி. சம்மன் வர வருஷங்கள்கூட ஆகலாம், அதனால் அந்த வீடியோவை இன்னொரு இடத்திலும் சேமித்து வையுங்கள், நடந்ததைத் தேதியோடு இப்போதே எழுதி அதே ஃபைலில் போட்டுவிடுங்கள், வீடு மாறினால் ஸ்டேஷனில் புது முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.