பழைய தமிழ் நூல்களை மின்களஞ்சியத்தில் சேர்ப்பது: கணக்கெடுப்பு முதல் பதிவேற்றம் வரை

ஸ்கேனர் வாங்கும் முன் அலமாரியைக் கணக்கெடுங்கள். விரிதாளில் நூலுக்கு ஒரு வரி: நூலக எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், அச்சகம், ஊர், ஆண்டு, பதிப்பு, பக்கங்கள், தாளின் நிலை. விவரங்களைத் தலைப்புப் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். பைண்டிங்கின்போது மேலட்டை மாறியிருக்கலாம். பிறகு இலங்கைத் தமிழ் நூல்களுக்கான ‘நூலகம்’ (noolaham.org) தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ் மூன்றிலும் தேடுங்கள். அங்கே முழுமையாக இருப்பவை கடைசியில் வரட்டும். தாள் பொடிகிற நூல்களும் வேறெங்கும் கிடைக்காத கோயில் மலர், பள்ளி மலர்களும்தான் முதல் வேலை.

ஆண்டில்தான் அதிகம் தவறு நேர்கிறது. ‘விரோதி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். விரோதி 1889, 1949, 2009 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. தாளையும் எழுத்தையும் பார்த்து நடுவிலுள்ளதே என்று முடிவு செய்தாலும், அதன் தை மாதம் வருவது 1950 ஜனவரியில். தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் இப்படி ஒன்றைக் கூட்ட வேண்டும். மார்கழி ஜனவரி நடுப்பகுதி வரை நீள்வதால் தேதியையும் பாருங்கள். நூலில் உள்ள வாசகத்தை அப்படியே குறிப்பில் எழுதி, ஆண்டுக்கான கட்டத்தில் எண்ணை மட்டும் இடுங்கள். அங்கே ‘சுமார்’ என்று சேர்த்தால் வரிசைப்படுத்தல் குலையும். ஊகம் என்பதைக் குறிப்பிலேயே சொல்லிவிடலாம்.

இதழ்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். செந்தமிழ்ச் செல்வியில் ஆண்டுத் தொகுதிக்குச் ‘சிலம்பு’, இதழுக்குப் ‘பரல்’. தமிழ்ப் பொழிலில் ‘துணர்’, ‘மலர்’. பல இதழ்களில் மலர் என்றால் தொகுதி. தமிழ்ப் பொழிலில் அது தனி இதழ். பெயர்களைப் பார்த்து எண்களை இடம் மாற்றிப் பதிந்துவிட்டால், எந்த இதழ் விடுபட்டது என்பதே பிறகு தெரியாது.

ஆசிரியர் பெயருக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். புதுமைப்பித்தன், சொ. விருத்தாசலம் இரண்டும் ஒருவரே. ஒன்றை முதன்மையாக்கி மற்றதை மாற்றுப் பெயராக இணைக்க வேண்டும். தலைப்பெழுத்துக்குப் பின் இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதையும் முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தட்டச்சு முழுக்க யூனிகோடில் இருக்கட்டும். அதிலும் கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. ‘கௌரி’ என்பதை ஔகாரக் குறியால் அடிக்காமல், எகரக் கொம்பும் ளகரமுமாக ‘கெளரி’ என்று அடித்துவிடுவார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் வராது. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கமும் இதைத் திருத்தாது. மொத்தமாக மாற்றப் போனால் வெளி, தெளிவு, வெள்ளி எல்லாம் கெட்டுப்போகும். கொம்புக்குப் பின் வரும் ளகரத்தில் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.

படமெடுக்க, நூலை 180 பாகை விரித்துக் கண்ணாடியில் அழுத்தும் சாதா ஸ்கேனர் வேண்டாம், முதுகு உடையும். மேலிருந்து படமெடுக்கும் கருவியும் V வடிவத் தாங்கியும் போதும். அங்குலத்துக்கு 400 புள்ளி (டிபிஐ), 24 பிட் வண்ணம், மூலப்படி டிஃப் (TIFF) படக் கோப்பு. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கோப்பு சிறிதாகும் என்று ஆசைப்படாதீர்கள்: மங்கிய மெய்ப்புள்ளி மறைந்துவிடும், தாளின் கறை புள்ளியாகிவிடும். 5.5 × 8.5 அங்குலப் பக்கம் சுருக்காமல் சுமார் 22 எம்பி; 200 பக்க நூலுக்கு 4.5 ஜிபி ஆகும். வட்டுக்கான செலவை இதை வைத்துக் கணக்கிடுங்கள். வெற்றுப் பக்கம், விளம்பரம், பின்னட்டை எதையும் விடாதீர்கள். விலையும் அச்சகப் பெயரும் பல நூல்களில் அங்கேதான் இருக்கின்றன.

வாசகர்களுக்குப் பிடிஎஃப் கொடுங்கள். படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருள், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, னை வடிவங்களில் தடுமாறும். ஆகவே அந்த உரையைத் தேடலுக்கு மட்டும் பயன்படுத்தி, தலைப்பையும் பொருளடக்கத்தையும் கையால் அடியுங்கள்.

களஞ்சியத்துக்கு டிஸ்பேஸ் (DSpace) ஏற்ற கட்டற்ற மென்பொருள். பட்டியலைச் சிஎஸ்வி (CSV) என்ற எளிய அட்டவணைக் கோப்பாக ஏற்றி விவரங்களை மொத்தமாகத் திருத்தலாம். ஒரே புலத்தில் இரண்டு ஆசிரியர்கள் வந்தால் நடுவே இரட்டைச் செங்குத்துக்கோடு || இட வேண்டும். அந்தக் கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறந்து சேமித்தால் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும். லிப்ரே ஆபிஸில் யுடிஎஃப்-8 தேர்ந்து திறங்கள். ஒவ்வொரு நூலுக்கும் ‘ஹேண்டில்’ என்ற நிலையான இணைய அடையாள எண் உண்டு. டிஸ்பேஸ் தானாக அதற்குத் தரும் 123456789 என்ற முன்னொட்டோடு பொதுவெளிக்குப் போக வேண்டாம். அது மாதிரி எண்தான். உங்களுக்கென ஹேண்டில் முன்னொட்டு பெற்றால்தான் இணைப்புகள் நிலைக்கும்.

உரிமையையும் பாருங்கள். ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் இந்தியாவில் 60 ஆண்டு, இலங்கையில் 70 ஆண்டு காப்புரிமை நீடிக்கும். சங்கப் பாடலுக்கு உரிமை இல்லை. அதற்கு அண்மையில் எழுதிய உரைக்கு உண்டு. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளைத் தடையின்றித் திறந்து வைக்கலாம். உரிமை இன்னும் நீடிக்கும் மற்றவற்றைப் படமெடுத்துப் பாதுகாத்து, விவரத்தை மட்டும் வெளியிடுங்கள்.

மூலப்படிகளை மூன்று பிரதியாக வையுங்கள். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் போயின. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஷா-256 (SHA-256) சரிபார்ப்பு எண்ணை ஒவ்வொரு கோப்புக்கும் பட்டியலிலேயே பதிந்து, ஆண்டுக்கொரு முறை ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால், சேதமான கோப்பை நல்ல பிரதியிலிருந்து உடனே மாற்றிவிடுங்கள்.